சாமையைக் குத்துவது யார்? கொல்லிமலை அடுப்படியும் உடல்நலமும்

கொல்லிமலையில் சாமைச் சோறு ஏன் குறைந்தது என்று கேட்டால், மலைமேலும் அடிவாரத்திலும் முதலில் வரும் பதில் மரவள்ளி. மேட்டுக்காட்டை மரவள்ளி பிடித்துக்கொண்டது, சாமைக்கு இடமில்லாமல் போயிற்று என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி உரலடியில் கிடக்கிறது. சாமையை விதைக்கவும் அறுக்கவும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைத்தார்கள். அதைக் குத்திப் புடைத்து அரிசியாக்கி உலையில் போடும் வேலை மட்டும் முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. அந்த வேலையைப் பேசாமல் பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்றாடச் சமையலைத் திட்டமிட்டு ஒரு குடும்பம் தன் உடல்நலத்தைக் காத்துக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் அந்தத் திட்டம் அடுப்பில் தொடங்குவதில்லை. காட்டில் என்ன விளைகிறது, அதை அரிசியாக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ரேஷன் கடையில் என்ன கிடைக்கிறது, சமைக்கும் பெண்ணின் நாளில் மிச்சம் எத்தனை மணி நேரம் என்பவை எல்லாம் சேர்ந்துதான் தட்டில் விழுவதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஊர் கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக நிற்கிறது இந்த மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. அதைத் தாண்டினால் செம்மேடு. மலைமேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள், அதாவது ஊர்ப்பிரிவுகள். குடிகளில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைமக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. பள்ளத்தில் நீர் நிற்கும் இடங்களில் நெல் வயல், சரிவிலும் மேட்டிலும் வானம் பார்த்த புன்செய், வீட்டைச் சுற்றிப் பலா, வாழை, மிளகு, காபி. இதுதான் பொதுவான அமைப்பு.

ஒரு காடு, ஒரு தட்டு

சாமை என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கொல்லிமலைக்காரர்களுக்கு அது பல. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திருகுளச் சாமை என்று தனித்தனிப் பெயர், தனித்தனிக் குணம். கட்டவெட்டி சீக்கிரம் கதிர் தள்ளும். கையில் தானியம் தீர்ந்துபோன மாதங்களில் முதலில் சோறு தருவது அது. பெருஞ்சாமை நாள் பிடிக்கும். கேழ்வரகிலும் சுருட்டை, பெருங்கேழ்வரகு, காரக்கேழ்வரகு என்று வகைகள். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலந்தினை. வரகும் பனிவரகும் வேறு. எல்லா வகையும் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. ஆனால் ஒரு வீட்டில் விதை தீர்ந்தால் அடுத்த வீட்டுத் தானியத் தொம்பையில் இருந்தது. வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தார்.

சமையல் திட்டமிடுதல் என்று இன்று சொல்கிறோமே, அதன் முதல் வடிவம் இந்த விதைத் தேர்வுதான். எந்த மாதம் எந்தத் தானியம் வீட்டுக்கு வரும், எது அடுத்த ஆடி வரை தாங்கும், எது களிக்கு, எது சோற்றுக்கு, எது குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச என்பதெல்லாம் விதைக்கும்போதே மனதில் இருந்தாக வேண்டும். எழுதிவைத்த பட்டியல் கிடையாது. மழையோடும் மண்ணோடும் பொருந்திய மனக்கணக்கு.

தானியத்தைத் தனியாக விதைக்கவுமில்லை. கேழ்வரகுக் காட்டில் அவரையும் மொச்சையும் துவரையும் கடுகும் கலந்து வரும். இந்தக் கலப்பின் பயனை ஊட்டச்சத்தியலார் பிற்காலத்தில் விளக்கினார்கள். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில், குறிப்பாகக் கேழ்வரகில், கிடைக்கும். இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குப் போனால் ஒன்றின் குறையை மற்றது அடைக்கும். களியும் மொச்சைக் குழம்பும் ஒன்றாகப் பரிமாறப்பட்டது ருசிக்காக மட்டுமல்ல. இரண்டும் ஒரே காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தன. காட்டில் கலப்பு குலைந்தபோது தட்டிலும் குலைந்தது. கொல்லிமலை உணவு மாற்றத்தில் எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தெரிவது சாமை குறைந்ததைவிட, சாமையோடும் கேழ்வரகோடும் கூட வந்த இந்தத் துணைப்பயிர்கள் காணாமல் போனதே. சாமையைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. மொச்சையைப் பற்றிப் பேச யாருமில்லை.

பெண்கள் சொன்ன காரணம்

சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் பெருகியபோது மரவள்ளிக்குக் கையோடு காசு வந்தது. ஜவ்வரிசியைக் கூட்டுறவாக விற்கும் சேகோசர்வ் சேலத்தில் 1981இல் அமைந்தது. சாலை வந்தது, லாரி வந்தது, மலைச்சரிவு மரவள்ளிக்கு மாறியது. மலையில் விளையும் கிழங்கில் பெரும்பகுதி ஆலைக்கே போகிறது. வந்த காசு பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் உதவியது. சாப்பாட்டுக்கு அரிசி வாங்கவும் செய்தது. 2011 ஜூன் முதல் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பஞ்ச மாதங்களில் கஞ்சிக்கே திண்டாடிய குடும்பங்களுக்கு அது பெரிய காவல்.

கனடிய மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் இந்த மாற்றத்தை மலையிலேயே தங்கி ஆராய்ந்தவர். 2006, 2007 ஆண்டுகளில் வந்த அவருடைய கட்டுரைகள், மக்கள் ஏமாந்துபோய் மரவள்ளிக்கு மாறவில்லை, தங்கள் நிலைமையை எடைபோட்டே மாறினார்கள் என்று காட்டின. ரொக்க வருமானம், நம்ப முடியாத மழை, வீட்டு வேலைச் சுமை எல்லாம் அந்த எடையில் இருந்தன. 2009இல் அவர் எழுதிய கட்டுரை முழுவதும் பெண்களின் வாக்குமூலத்தைப் பற்றியது. அதன் தலைப்பே, இப்போது வாழ்க்கை சுலபமாகிவிட்டது என்ற பெண்களின் பேச்சிலிருந்து எடுத்தது. சிறுதானியப் பெருமை பேசுவோர் அனைவரும் அந்தத் தலைப்பின் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாம் இழப்பு என்று சொல்வதை அந்தப் பெண்கள் விடுதலை என்று சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

அந்த விடுதலை எதிலிருந்து என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டும். சாமை கடுகைவிடச் சற்றே பெரிய மணி. அதன் உமி பளபளப்பாக, கெட்டியாக, அரிசியோடு இறுக ஒட்டியிருக்கும். காயவைத்த சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைக்க வேண்டும். உமி போகாத மணிகளைப் பிரித்து மறுபடி குத்த வேண்டும். மறுபடி புடைக்க வேண்டும். பிறகு கல் அரிக்க வேண்டும். இவ்வளவும் விடிவதற்கு முன், காட்டு வேலைக்குப் போவதற்கு முன். பலமாகக் குத்தினால் நொய்யாகும். மெதுவாகக் குத்தினால் உமி போகாது. கேழ்வரகின் பாடு இவ்வளவு இல்லை. அதற்குச் சாமைபோல் ஒட்டிய உமி கிடையாது. கசக்கித் தூற்றி நேரே திருகையில் அரைத்துவிடலாம். கொல்லிமலையில் மட்டுமல்ல, தமிழகம் முழுக்கவே சாமை, வரகு, தினை ஒடுங்கியும் கேழ்வரகு ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு இந்த ஒரு வேறுபாடு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்தது. சாமைக்கு வரவில்லை. நெல்லாலையில் சாமையைக் கொட்டினால் மணி உடையும், அல்லது உமியோடு திரும்பும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. பூச்சியும் எளிதில் அண்டாது. உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள எண்ணெய்ப்பசை காற்றில் பட்டுச் சில வாரங்களிலேயே காறத் தொடங்கும். மாவாக்கினால் இன்னும் சீக்கிரம். எனவே மொத்தமாகக் குத்தி வைத்துக்கொள்ளவும் முடியாது. அவ்வப்போது குத்த வேண்டும். நகரத்துக் கடைகளில் கண்ணாடிபோல் வெளுத்த சாமை அரிசி மாதக்கணக்கில் அலமாரியில் நிற்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். தவிட்டை முழுக்கத் தீட்டி எடுத்துவிடுவதால் காறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பகுதி அந்தத் தவிட்டோடு போய்விடுகின்றன. சிறுதானியம் என்ற பெயரில் வாங்குவது வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, விலை மட்டும் இரண்டு மூன்று மடங்கு. நல்ல சாமை வேண்டுமென்றால் ஆலை அடுப்புக்கு அருகில் இருக்க வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சரியாகப் பிடித்தது. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1990களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்துவருகிறது. முதலில் அழியும் வகைகளைத் திரட்டி ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். பழைய தொம்பை முறையையே அதற்கு அடிப்படையாக வைத்தார்கள். விதை இருந்தால் மட்டும் விதைத்துவிடமாட்டார்கள் என்பது சீக்கிரம் தெரிந்தது. 2001இல் ஐ.நா. வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் ஆதரவோடு தொடங்கிய திட்டத்தில் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின; சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகுச் சத்துமாவு என்று பொட்டலம் போட்டு விற்கவும் தொடங்கின. விவசாயிகளின் சொந்தக் கூட்டமைப்பும் உருவானது. இந்த வேலை மரவள்ளியைத் துரத்திவிடவில்லை; துரத்தவேண்டிய தேவையும் இல்லை. பழைய சாமை வகைகள் இன்றும் காட்டில் விதைக்கப்படுகின்றன என்றால் அதில் அந்த இயந்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

எண்களை நம்புவதும் சரிபார்ப்பதும்

சிறுதானியத்தின் சத்தைப் பற்றி எழுதுவோரில் பலர், 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இந்த எண் எங்கிருந்தோ வந்ததல்ல. ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் வெளியிட்ட, கோபாலனும் சக ஆய்வாளர்களும் தொகுத்த பழைய அட்டவணையில் உள்ளதுதான். அதே நிறுவனம் 2017இல் புதிதாக ஆய்ந்து வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் சாமையின் இரும்பு 1.26 மில்லிகிராம். மாதிரி எங்கே எடுத்தது, எவ்வளவு தீட்டியது, மண் ஒட்டியிருந்ததா, எந்தக் கருவியில் அளந்தது என்பதைப் பொறுத்து இப்படி மாறலாம். புதிய எண்ணை விட்டுவிட்டுப் பழையதைப் பிடித்துக்கொண்டு, சாமைச் சோறு சாப்பிட்டால் ரத்தசோகை தீரும் என்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் சொல்வது ஆபத்து. அவள் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக்கூடும்.

அதே 2017 அட்டவணை சாமைக்கு வேறு நல்ல சான்று தருகிறது. 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து 7.7 கிராம். தீட்டிய பச்சரிசியில் புரதம் சுமார் 8, நார்ச்சத்து 2.8 மட்டுமே. கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல், இரும்பு 4.6 மில்லிகிராம், கால்சியம் 364 மில்லிகிராம்; அரிசியில் கால்சியம் 10ஐக்கூடத் தொடுவதில்லை. பால் வாங்க வசதியில்லாத வீட்டில் கேழ்வரகு கால்சியத்தில் நல்லதொரு பங்கைத் தரும்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சத்துக் கணக்கு சாதாரண விஷயமல்ல. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காடு. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நீரிழிவு ஆய்வு மாநிலத்தின் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. நாட்டின் சராசரி 11.4. ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் சத்துக்குறை, மறுபக்கம் சர்க்கரை. ஒரே வீட்டுக்குள்ளும் இரண்டும் இருக்கின்றன.

சிறுதானியமும் நீரிழிவும் பற்றி இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தலைமையில் 2021இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொடர்ந்து சிறுதானியம் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடும், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 15 விழுக்காடும் குறைந்தன. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் எப்படிச் சமைத்தார்கள் என்பது இங்கே முக்கியம். கேழ்வரகை மாவாக நைய அரைத்துக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் அதன் மாவுச்சத்து வேகமாகவே ரத்தத்தில் சேரும். வெல்லம் போட்டால் கேட்கவே வேண்டாம். முழு மணியாக வேகவைத்த சாமைச் சோறும், கொரகொரப்பாக அரைத்துக் கிண்டிய களியும் மெதுவாகச் செரிக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சத்துமாவுக் கஞ்சியைப் பரிந்துரைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சரியான பரிந்துரை அல்ல.

இரும்பின் கதையும் சமையலறையில்தான் முடிவாகிறது. கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட்டும் துவர்ப்புப் பொருட்களும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலுக்கு விடாது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். கேழ்வரகை இரவு ஊறவைத்து, வடிகட்டித் துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து அரைப்பதும், மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சுவதும் இந்த வேலையைச் செய்கின்றன. நம் பாட்டிமார் ஃபைட்டேட்டை அறிந்து செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புளித்த கூழ் வெயிலில் கெடாமல் நின்றது, காட்டு வேலைக்குத் தெம்பாக இருந்தது. காரணம் எதுவானாலும் பலன் நமக்குக் கிடைக்கிறது. அதே சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அந்தப் பலன் பெருமளவு போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

மாதம் 10 கிலோ

2024இல் வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம் போதும் என்கிறது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100, கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. நம் தட்டைப் பார்த்தால் தானியம் இதைவிடக் கூடுதல், காய் பாதிக்கும் குறைவு. கொல்லிமலையானாலும் கோயம்புத்தூரானாலும் இதில் பெரிய வேறுபாடில்லை.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் நாளுக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு 30 கிலோ தானியம். ரேஷனில் அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பொதுவாக 20 கிலோ அரிசி கிடைக்கிறது. மீதம் 10 கிலோ. இன்று அந்த 10 கிலோவும் கடை அரிசியாகவே வருகிறது. ரேஷன் அரிசியை ஒதுக்கவேண்டாம், வீட்டில் சண்டை வேண்டாம், குழந்தைகளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அந்த 10 கிலோவை மட்டும் சாமையும் கேழ்வரகுமாக மாற்றினால் மூன்று வேளையில் ஒரு வேளை சிறுதானியமாகிவிடும். உமி நீக்கினால் சாமை மூன்றில் இரண்டு பங்கு அரிசி தரும் என்று வைத்தால், 10 கிலோ அரிசிக்கு 15 கிலோ சாமை. ஆண்டுக்கு 180 கிலோ. ஏக்கருக்கு 250 கிலோ கண்டாலும் முக்கால் ஏக்கர் போதும். பாதி கேழ்வரகாக இருந்தால் இன்னும் குறைவு. மரவள்ளிக் காட்டை அழிக்காமலே, ஓரத்து மேட்டில் இதற்கு இடம் கண்டுபிடிக்க முடியும்.

இதை வாரமாகப் பிரித்தால் இரண்டரைக் கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலைக்குப் போய் அப்போதைக்குத் தேவையானதை மட்டும் உமி நீக்கிக்கொண்டால் காறாது. சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் அரிசியைவிடச் சீக்கிரம் வேகும். விறகும் மிச்சம், கேஸும் மிச்சம். மதியச் சோறாக அதை வைத்து, மொச்சைக் குழம்போ துவரம்பருப்போ ஊற்றிக் கீரை ஒரு கை வைத்தால் சாப்பாடு முழுமையாகிவிடும். கீரையில் எண்ணெய் ஒரு கரண்டியாவது இருக்கட்டும். முருங்கைக் கீரையின் கரோட்டின் எண்ணெய் இல்லாமல் உடலில் சரியாகச் சேராது. ஒரு நாள் கேழ்வரகு மாவு கரைத்துவைத்தால் அடுத்த இரு நாள் காலைக்குக் கூழ். மூன்று அல்லது நான்கு பங்கு சாமைக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த மாவு இட்லிக்கும் தோசைக்கும் ஆகும். குழந்தைகள் வித்தியாசம் சொல்வதில்லை. மாலையில் வேகவைத்த மொச்சை, அல்லது பலாக் காலத்தில் சுட்ட பலாக்கொட்டை. மலையில் விளையும் வாழையும் கொய்யாவும் அன்னாசியும் சோளக்காட்டுச் சந்தைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று போகட்டும். மரவள்ளி அவித்துத் தின்னும் நாளில் அதைத் தனியே தின்னாமல் கருவாட்டுக் குழம்போ பருப்போ முட்டையோ சேர்க்க வேண்டும். கிழங்கில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான்.

முட்டை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையடிவாரத்து நாமக்கல் நாட்டின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்று. 2010 முதல் தமிழகச் சத்துணவில் பள்ளி நாட்களில் வாரத்துக்கு ஐந்து முட்டை தருகிறார்கள். மலைக் குழந்தையின் தட்டில் புரதம் உறுதியாக வந்துசேரும் வழி அதுதான். பள்ளி விடுமுறை நாட்களில் அந்த இடம் காலியாகிறது. வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பதற்கு ஊக்கம் தருவது எந்தச் சத்துமாவுப் பொட்டலத்தையும்விடப் பலன் தரும் என்று நம்புகிறேன்.

மலைக்கு வரும் பயணிகள் தேடிக் குடிப்பது வேறொன்று: முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் வேர்த்தண்டு அது. ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்பது வழக்கு. விலங்குகளில் நடந்த சில ஆய்வுகள் வீக்கம் குறைவதைக் காட்டுகின்றன; மனிதரில் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. மிளகு தட்டிப்போட்ட சூடான சூப் குளிருக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம். ஆனால் ஒரு வேளை சூப் உடம்பைச் சரிசெய்யாது. பாறையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தால் கிழங்கும் மிஞ்சாது. மலைக்குப் போய் வருவோர் சாமை இரண்டு கிலோ வாங்கி வந்து மாதம் முழுக்கச் சமைத்தால் அவர்கள் உடம்புக்கும் மலைக்கும் நன்மை.

அந்த விற்பனையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. ஆண்டீஸ் மலையில் கினோவா தானியத்துக்கு உலகச் சந்தை திறந்தபோது விலை பல மடங்கு ஏறியது. 2014க்குப் பின் சரிந்து விழுந்தது. விலையை நம்பி நிலத்தை மாற்றியவர்கள் அடிபட்டார்கள். நகரத்துப் பசிக்கு மட்டும் விளைவித்தால் கொல்லிமலைச் சாமைக்கும் அது நேரலாம். முதலில் விளைவித்தவர் வீட்டு உலை, பிறகு அந்த மலையின் பள்ளி, மிச்சம் சந்தைக்கு என்ற வரிசை மாறக்கூடாது.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. கேழ்வரகில் தொடங்கியது புத்திசாலித்தனம். உமிப் பிரச்சினை இல்லை. சாமைக்கு அதே வழியைத் திறக்க ஆலை வேண்டும், இயந்திரம் பழுதானால் சரிசெய்யும் ஆள் வேண்டும், நாள் முழுக்க மின்சாரம் வேண்டும், ஆலையை நடத்தும் பெண்களுக்குக் கூலி வேண்டும். மலையின் ஒவ்வொரு நாட்டிலும் நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆலை என்றால் 14 ஆலைகள். ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு இது பெரிய செலவல்ல. அந்த ஆலைகளில் உமி நீக்கிய தீட்டாத சாமையைக் கொல்லிமலைப் பள்ளிகளின் சத்துணவுக்கே முதலில் கொள்முதல் செய்ய வேண்டும். கூடவே மலை மொச்சையையும் வாங்க வேண்டும். விதைக்கத் தயங்குபவருக்கு விலை உறுதியாகும், குத்தத் தயங்குபவருக்கு வேலை குறையும். சிறுதானியத்தை நேசிக்கிற ஒவ்வொருவரும், இனி மேடையேறும்போது சாமையின் சத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், சாமை ஆலையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுங்கள்.